கயோட்டிக்கு எந்தத் தோட்டா? ஒரு பழைய ஆர்மரரின் கோபம்

போன வாரம் என் ரெஜிமென்ட் நண்பர் ஒருவர் காட்பாடியிலிருந்து போன் செய்தார். அமெரிக்காவில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தாயே, என்ன பார்த்தாய் என்று கேட்டார். நயாகராவைச் சொல்வேன், டிஸ்னியைச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் தோட்டா பற்றிப் பேச ஆரம்பித்தேன். பத்து நிமிஷம் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஏம்பா, நரியச் சுடறதுக்கு எந்தத் தோட்டான்னு ஒரு ஆராய்ச்சியா? குண்டு பட்டா சாவப் போவுது. இதுல என்ன இருக்குது?"

இதில் நிறைய இருக்கிறது. அதைத்தான் இன்று எழுதப்போகிறேன். கொஞ்சம் கோபமாகவே எழுதுவேன். முதுகில் தட்டிச் சமாதானம் சொல்ல நினைப்பவர்கள் கடைசி வரை படித்துவிட்டுத் தட்டுங்கள்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. புதிதாகப் படிப்பவர்கள் இருக்கலாம். 1974இல் பட்டாளத்தில் சேர்ந்து 2002இல் சுபேதாராக ஓய்வு பெற்றேன். இ.எம்.இ. பிரிவில் ஆர்மரர். சுடுவது என் வேலை இல்லை. சுடுகிறவன் கையில் இருப்பது சரியாகச் சுடுகிறதா என்று பார்ப்பது என் வேலை. 7.62 எஸ்.எல்.ஆர். துப்பாக்கிகளோடு என் இளமை போயிற்று. கடைசி சில வருஷங்கள் 5.56. தோட்டாவைக் கையில் எடுத்தால் இன்றைக்கும் முதலில் அடிப்பக்கத்தைத் திருப்பித்தான் பார்ப்பேன்.

மகள் இருப்பது வயோமிங் மாநிலத்தில், காஸ்பர் என்ற ஊருக்கு வெளியே. மாப்பிள்ளை மின்நிலையத்தில் எஞ்சினியர். கண்ணுக்கெட்டிய வரை மேடும் பள்ளமுமாகப் புல்வெளி, சேஜ் என்கிற சாம்பல் நிறப் புதர், பனி. அப்புறம் காற்று. காஸ்பரில் காற்று நிற்பதே கிடையாது. துணி காயப்போட்டால் பக்கத்து மாவட்டத்தில் போய்த்தான் பொறுக்கவேண்டும் என்று என் வீட்டுக்காரி சொல்லுவாள்.

அவர்கள் வீட்டுக்கு அடுத்த நிலம் ஒரு ஆட்டுப் பண்ணை. எழுபது வயது தாண்டிய ஒரு அம்மாள் நடத்துகிறார். புருஷன் இல்லை. எண்ணூறு ஆடுகள், நாலு பெரிய வெள்ளைக் காவல் நாய்கள். அந்த அம்மாளுக்கு ஜென்ம விரோதி கயோட்டி. நம்ம ஊர்க் குள்ளநரியைவிடக் கொஞ்சம் பெரியது, ஓநாயைவிடச் சிறியது. எடை பத்திலிருந்து இருபது கிலோவுக்குள். ஏப்ரல் கடைசியில் ஆடுகள் குட்டி போடத் தொடங்கினால் இது வந்து நிற்கும். வயோமிங் சட்டத்தில் இதற்குப் பெயர் "கொன்றுதின்னி விலங்கு". வருஷம் முழுக்கச் சுடலாம், லைசென்ஸ் வேண்டாம். நிலத்துக்காரர் அனுமதி இருந்தால் போதும்.

நான் கயோட்டிக்கு வக்கீலாக வரவில்லை. என் தாத்தா கிடை போட்ட ஆள். விடியற்காலையில் பட்டிக்குள் நரி புகுந்து மூன்று குட்டிகளைக் குதறிப் போட்டதை ஏழு வயதில் பார்த்தவன் நான். நரி முகத்தில் விழித்தால் யோகம் என்று ஊரில் சொல்லுவார்கள். ஆடு வைத்திருக்கிறவன் அப்படிச் சொல்லமாட்டான். அந்த அம்மாளுக்குத் தன் குட்டிகளைக் காப்பாற்றிக்கொள்ள முழு உரிமை உண்டு. சுடு. ஆனால் எதை வைத்துச் சுடுகிறாய், எத்தனை தூரத்திலிருந்து சுடுகிறாய், சுட்ட பிறகு அங்கே எதை விட்டுவிட்டு வருகிறாய்? என் சண்டை இந்த மூன்று கேள்விகளில்தான்.

மாப்பிள்ளை போன வருஷம் ஒரு .223 துப்பாக்கி வாங்கினார். அந்த அம்மாளுக்கு உதவியாக இருக்கட்டும் என்று. நல்ல மனசு. நான் சுற்றுலா விசாவில் போனவன். அந்த நாட்டுச் சட்டப்படி என் போன்றவன் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதில் சிக்கல் உண்டு. அதனால் ஆறு மாதமும் நான் தொடவே இல்லை. கண்ணும் வாயும் மட்டும்தான் என்னுடையவை. வாயை அதிகமாகவே உபயோகித்தேன் என்று மகளுக்கு வருத்தம்.

முதல் சண்டை நான் போய்ச் சேர்ந்த வாரமே. மாப்பிள்ளை ஒரு பெரிய அட்டைப் பெட்டியைக் காட்டினார். ஆயிரம் தோட்டா, மலிவு விலை. முழு உறை போட்ட குண்டு. அதாவது உள்ளே காரீயம், மேலே நுனி வரைக்கும் செம்புக் கலவை உறை. பட்டாளத்தில் கொடுப்பது இதே ஜாதி.

"இத வெச்சா சுடறீங்க?" என்றேன்.

"ஏன் மாமா? நீங்க சர்வீஸ்ல யூஸ் பண்ணதுதான?"

அதுதான் விஷயம். பட்டாளத்துக் குண்டு ஏன் முழு உறையோடு இருக்கிறது என்று பல பேருக்குத் தெரியாது. 1890களில் கல்கத்தா பக்கத்தில் டம்டம் ஆயுதச் சாலையில் வெள்ளைக்காரன் ஒரு .303 குண்டு செய்தான். நுனியில் உறை இல்லாமல் ஈயம் வெளியே தெரியும். உடம்பில் பட்டால் நுனி மலர்ந்து பெரிய காயம் உண்டாக்கும். உலகமே கூச்சல் போட்டது. 1899இல் ஹேக் நகரத்தில் கூடி, உடம்புக்குள் விரியும் குண்டைப் போரில் உபயோகிப்பதில்லை என்று நாடுகள் உடன்படிக்கை செய்துகொண்டன. அந்த ஊர்ப் பெயர்தான் இன்றைக்கும் அந்த ஜாதிக் குண்டுக்கு நிலைத்துவிட்டது.

சிப்பாய்க்கு நியாயமானது மிருகத்துக்கும் நியாயம் என்று நினைப்பதுதான் தப்பு. காயம்பட்ட சிப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓட ஸ்ட்ரெச்சர் உண்டு, ஆஸ்பத்திரி உண்டு. காயம்பட்ட கயோட்டிக்கு என்ன உண்டு? முழு உறைக் குண்டு விரியாமல் ஊசி போலத் துளைத்து மறுபக்கம் போய்விடும். மிருகம் ஓடிவிடும். எங்கேயோ புதருக்குள் மணிக்கணக்காக, நாள்கணக்காகச் சாகும். அதோடு, கல்லிலோ உறைந்த தரையிலோ பட்டால் அந்தக் குண்டு உடையாமல் தெறித்துப் போகும். ஆடும் நாயும் வீடும் இருக்கிற இடம். சுடுகளத்தில் காகிதத்தைச் சுட அந்தப் பெட்டி நல்லது. உயிரைச் சுட அது ஆகாது. வேட்டைக்கு விரியும் குண்டுதான் நியாயம். போரில் கொடுமையானது வேட்டையில் கருணை. கேட்க வினோதமாக இருக்கும், ஆனால் அதுதான் உண்மை. மாப்பிள்ளை இதை ஒப்புக்கொண்டார். முதல் சண்டையில் எனக்கு ஜெயம்.

இரண்டாவது சண்டையில்தான் வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை நின்றது.

அடுத்த பெட்டி வந்தது. 55 கிரெய்ன் குண்டு, சிவப்பு பிளாஸ்டிக் மூக்கு. பெட்டியின் மேல் விநாடிக்கு 3,240 அடி என்று கொட்டை எழுத்து. மாப்பிள்ளைக்குக் கண் அந்த எண் மேலேயே. அவர் சிநேகிதர்கள் எல்லாரும் அப்படித்தான். ஒருவர் .22-250 வைத்திருக்கிறார், 3,680 அடி என்று மீசையை முறுக்குவார். காய்கறிக் கடையில் எடை பேசுகிற மாதிரி வேகம் பேசுகிறார்கள்.

55 கிரெய்ன் என்றால் எவ்வளவு என்று நம் கணக்கில் சொல்கிறேன். மூன்றரை கிராம் சொச்சம். அரைப் பவுனுக்கும் குறைவு. தோடு எடை. அந்தத் தோடு எடைக் குண்டு துப்பாக்கி வாயை விட்டுக் கிளம்பும்போதுதான் 3,240. அதுவும் பெட்டிக்காரன் 24 அங்குலச் சோதனைக் குழலில் அளந்தது. மாப்பிள்ளை துப்பாக்கியின் குழல் 16 அங்குலம். அங்கேயே ஏறக்குறைய 200 அடி போச்சு. செப்டம்பர் வெயிலில் குறி சரிபார்த்துவிட்டு ஜனவரிக் குளிரில் சுட்டால் மருந்து இன்னும் கொஞ்சம் மந்தமாக எரியும். அதிலும் கொஞ்சம் போச்சு. பெட்டி மேல் எழுதிய வேகம் ஜாதகத்தில் எழுதிய ஆயுசு மாதிரி. நேரில் பார்த்தால்தான் தெரியும்.

சரி, பெட்டிக்காரன் சொன்னதையே வைத்துக்கொள்வோம். 200 கெஜத்தில் குறி சரிசெய்த துப்பாக்கியில் அந்தக் குண்டு 300 கெஜத்தில் சுமார் 7 அங்குலம் கீழே இறங்கும். 400இல் 21 அங்குலம். 500இல் 45 அங்குலம். அங்கே போய்ச் சேரும்போது வேகம் பாதியாகக் குறைந்து 1,600 அடி. அடிக்கும் சக்தி புறப்பட்டதில் நாலில் ஒரு பங்கு.

"மாமா, டிராப்பெல்லாம் இப்ப பிரச்சினையே இல்ல. லேசர் தூரத்தச் சொல்லிடும், போன் கணக்குப் போட்டுடும், ஸ்கோப்ல டயல் திருப்பிட்டா முடிஞ்சுது" என்றார் மாப்பிள்ளை.

உண்மைதான். இறக்கம் என்பது கணக்கு. கணக்கைப் போன் போட்டுவிடும். ஆனால் காற்று? காற்று கணக்கு இல்லை, யூகம். மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று அடித்தால் இந்தக் குண்டு 200 கெஜத்தில் நாலரை அங்குலம் ஒதுங்கும். 300இல் 11 அங்குலத்துக்குக் கிட்ட. 500இல் 35 அங்குலம், கிட்டத்தட்ட மூன்று அடி. கயோட்டியின் உயிர்நிலை, அதாவது நெஞ்சும் ஈரலும் இருக்கிற இடம், ஒரு டீ சாஸர் அகலம். ஐந்து அங்குலம் என்று வையுங்கள். நீங்கள் காற்றை 10 என்று நினைத்து, அது 15ஆக இருந்தால் 500 கெஜத்தில் 17 அங்குலம் தப்பு. நீங்கள் நிற்கும் இடத்துக் காற்று வேறு, நடுவில் பள்ளத்தாக்கில் அடிக்கும் காற்று வேறு, கயோட்டி நிற்கும் மேட்டில் வேறு. மூன்றையும் எந்தப் போன் சொல்லும்?

இதைவிட நல்ல துப்பாக்கி இருக்கிறதே என்பார்கள். 6.5 கிரீட்மோர் என்று 2007இல் வந்த ஒன்று. கனமான நீளமான குண்டு, காற்றை நன்றாகத் தாங்கும். ஒப்புக்கொள்கிறேன். அதிலும் 5 மைல் காற்றைத் தப்பாக யூகித்தால் 500 கெஜத்தில் சுமார் 8 அங்குலம் விலகும். சாஸருக்கு வெளியேதான்.

இன்னொன்று. அந்த .223 குண்டு 500 கெஜம் போக விநாடியில் மூன்றில் இரண்டு பங்கு நேரம் எடுக்கிறது. சும்மா நடந்து போகும் கயோட்டி அந்த நேரத்தில் மூன்று அடி நகர்ந்துவிடும். நீங்கள் விரலை அழுத்தும்போது நின்றது, குண்டு போய்ச் சேரும்போது நடக்கிறது. இரும்புத் தகடு நடக்காது. சுடுகளத்தில் 500 கெஜத் தகட்டை டங் டங் என்று அடிக்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூஜ்யத்துக்குக் கீழே 12 டிகிரி. நான் வண்டிக்குள் பைனாகுலரோடு. மாப்பிள்ளை பனியில் பாய் விரித்துப் படுத்திருந்தார். லேசர் 470 கெஜம் காட்டியது. "வேணாம், கிட்ட வரட்டும்" என்றேன். "வராது மாமா, போயிடும்" என்றார். காற்று 10 என்று போட்டுக்கொண்டார். சுட்டார்.

நான் பைனாகுலரில் பார்த்தேன். அது விழவில்லை. சுற்றியது. திரும்பித் திரும்பித் தன் பின்னங்காலையே கடித்தது. பிறகு மூன்று காலில் மேட்டைத் தாண்டிப் போயிற்று. நெஞ்சைப் பார்த்துச் சுட்டது தொடையில் பட்டிருந்தது. ஒன்றரை மணி நேரம் இரத்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். ஒரு வேலி வந்தது. அந்தப் பக்கம் வேறு ஒருவர் நிலம், அனுமதி இல்லை. காற்று பனியை வாரித் தடத்தை மூடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தோம். வண்டியில் யாரும் பேசவில்லை.

ஒன்பதாம் நாள் அந்த அம்மாள் போன் செய்தார். வைக்கோல் கொட்டகைக்குப் பின்னால் ஒரு கயோட்டி கிடந்ததாம். எலும்பும் தோலுமாக, பின்கால் அழுகி, இன்னும் உயிரோடு. தானே முடித்துவிட்டதாகச் சொன்னார். பிறகு மாப்பிள்ளையிடம் சொன்னார்: "நீ எனக்கு உதவி செய்யத்தான் வருகிறாய், தெரியும். ஆனால் முயலைத் துரத்த முடியாத கயோட்டி எங்கே வரும்? என் ஆட்டுக் கொட்டிலுக்குத்தான் வரும். அடிக்க முடிந்தால் அடி. இல்லாவிட்டால் ஓட விடு."

ஆறு மாதத்தில் நான் பேசிய அத்தனை பேச்சையும் அந்த அம்மாள் நாலு வரியில் சொல்லிவிட்டார்.

அன்று ராத்திரி நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "தூரத்துல சுடறது திறமை இல்ல, கிட்டப் போறதுதான் திறமை" என்றேன். "எல்லாத்துக்கும் ஒரு பாடம் எடுக்காதீங்க மாமா" என்று எழுந்து போய்விட்டார். அதுதான் அந்த இரண்டு நாள் மௌனம். அவர் கோபம் என் மேல் இல்லை என்று எனக்குத் தெரியும். நானும் என் இருபத்தைந்து வயதில் அதே மாதிரி எழுந்து போயிருக்கிறேன்.

மூன்றாவது விஷயத்துக்கு வருகிறேன். இதுதான் பெரியது.

டிசம்பரில் மாப்பிள்ளை 150 கெஜத்தில் ஒரு கயோட்டியைச் சுத்தமாக அடித்தார். அங்கேயே விழுந்தது. மெச்சினேன். தோல் உரிக்கும் பழக்கம் அவருக்கு இல்லை, அதனால் அப்படியே விட்டுவிட்டு வந்தோம். தரை பாறையாக உறைந்திருந்தது, புதைக்கவும் முடியாது. மறுநாள் அந்தப் பக்கம் போனபோது இரண்டு பெரிய கழுகுகள் அதன் மேல் உட்கார்ந்திருந்தன. பொன்னிறப் பிடரி. என் வீட்டுக்காரி கருடனைக் கண்ட மாதிரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நானும் சந்தோஷப்பட்டேன். வீணாகவில்லை, ஒரு ஜீவனுக்கு ஆகாரமாயிற்று என்று.

எனக்கு வெட்கம் வந்தது பிறகு. ஆர்மரராக இருபத்தெட்டு வருஷம் இருந்தவனுக்கு இது உடனே உறைத்திருக்கவேண்டும். அந்தச் சிவப்பு மூக்குக் குண்டு எப்படி வேலை செய்கிறது? மெல்லிய உறை, உள்ளே காரீயம். பட்டவுடன் சுக்குநூறாகச் சிதறுவதற்கென்றே செய்தது. அப்படிச் சுட்ட உடலை எக்ஸ்ரே எடுத்தால் பனி தூவிய மாதிரி வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். அத்தனையும் ஈயத் துணுக்கு. அதைத்தான் அந்தக் கழுகுகள் தின்றுகொண்டிருந்தன.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். நம் வீட்டில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். குண்டில் இருப்பது காரீயம். முன்னது மருந்து மாதிரி, பின்னது விஷம். கழுகின் வயிற்று அமிலம் எலும்பையே கரைக்கும், ஈயத்தை விடுமா? ஓர் அரிசி மணி அளவு போதும், கழுகைக் கொல்ல. முதலில் இறக்கை தொங்கும், நிற்க முடியாது, தலை சாயும், பட்டினியில் சாகும்.

2022இல் சயின்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. அமெரிக்காவின் 38 மாநிலங்களில் 1,210 கழுகுகளைப் பரிசோதித்தார்கள். அவர்கள் நாட்டுச் சின்னமான வெண்தலைக் கழுகிலும் சரி, பொன்னாங்கழுகிலும் சரி, ஏறக்குறைய பாதிப் பறவைகளின் எலும்பில் நாள்பட்ட ஈய விஷத்தின் அளவு இருந்தது. முக்கியக் காரணம் வேட்டைக்காரர்கள் விட்டுப்போகும் உடலும் குடலும்.

கலிபோர்னியா காண்டர் என்று ஒரு ராட்சசப் பிணந்தின்னிக் கழுகு. 1982இல் உலகத்தில் மொத்தம் 22தான் மிச்சம். 1987இல் காட்டிலிருந்த கடைசிப் பறவையையும் பிடித்துக் கூண்டில் வைத்துப் பெருக்கி, மறுபடி காட்டில் விட்டார்கள். விட்ட பறவைகளை அதிகம் கொல்வது இன்றைக்கும் ஈயம்தான். அதனால்தான் கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது என்று சட்டம். நாடு முழுக்க வாத்து வேட்டைக்கு ஈய ரவை 1991இலேயே நின்றுவிட்டது. வாத்து வேட்டை ஒன்றும் அழிந்துபோகவில்லை. வயோமிங்கில் கயோட்டிக்கு அப்படிச் சட்டம் இல்லை. சட்டம் இல்லாத இடத்தில்தான் மனசாட்சிக்கு வேலை.

இது என்னவோ அமெரிக்கக் கதை என்று நினைக்காதீர்கள். நம் பாறுக்கழுகுகள் எங்கே போயின? நான் சிறுவனாக இருந்தபோது செத்த மாடு கிடந்தால் வானமே இறங்கி வரும். இன்று மாயாறு, முதுமலைப் பக்கம் போனால் கொஞ்சம் பார்க்கலாம், அவ்வளவுதான். மாட்டுக்கு வலி தீரப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி, செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 2004இல் கண்டுபிடித்தார்கள், 2006இல் மாட்டுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். அதற்குள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் போய்விட்டது. ஊசி போட்டவன் யாரும் கழுகைக் கொல்ல நினைக்கவில்லை. மாட்டுக்கு நல்லதுதான் செய்தான். என் மாப்பிள்ளையும் அந்த அம்மாளுக்கு நல்லதுதான் செய்தார். நாம் விட்டுவிட்டு வருவதை யார் தின்கிறார்கள் என்று பார்க்காததுதான் இரண்டு இடத்திலும் குற்றம்.

எதிர்வாதம் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாக வருகிறேன்.

ஈயம் இல்லாத குண்டு விலை அதிகம் என்பார்கள். அதிகம்தான். கயோட்டி வேட்டைக்காரன் ஒரு குளிர்காலத்தில் உயிர் மேல் சுடுவது எத்தனை தோட்டா? இரண்டு பெட்டி தாண்டாது. மீதியெல்லாம் காகிதத்தின் மேல். லேசர், ஸ்கோப், வண்டிக்குப் பெட்ரோல் எல்லாவற்றுக்கும் ஆயிரக்கணக்கில் டாலர் செலவு செய்பவன், கடைசியில் மிருகத்தைத் தொடப்போகும் அந்த ஒரு பொருளில் மட்டும் சிக்கனம் பார்ப்பதா? கல்யாணத்துக்குப் பந்தல் போட்டுவிட்டு தாலியில் கஞ்சத்தனம் பண்ணுகிற கதை.

செம்பு சரியாகச் சுடாது என்பார்கள். பாதி உண்மை. செம்பு ஈயத்தைவிட இலேசானது. அதே எடைக்குக் குண்டு நீளமாகும். நீளமான குண்டை நிலையாகப் பறக்கவைக்கக் குழலுக்குள் புரி நெருக்கமாக இருக்கவேண்டும். 12 அங்குலத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றும் பழைய குழலில் நீளக் குண்டைப் போட்டால் தள்ளாடும். அதற்கு எடை குறைந்த செம்புக் குண்டு இருக்கிறது. அதுவும் பிடிக்காவிட்டால், செம்புப் பொடியையும் வெள்ளீயப் பொடியையும் சேர்த்து அழுத்திய கருவுள்ள குண்டு உண்டு. அதுவும் உள்ளே போய்ச் சிதறும், ஆனால் காரீயம் கிடையாது. நம் வெண்கலப் பானையின் அதே இரண்டு உலோகம்.

மெதுவாகப் போனால் செம்பு விரியாது என்பார்கள். இது முழு உண்மை. விநாடிக்கு ஏறக்குறைய 2,000 அடி வேகமாவது இருந்தால்தான் திட செம்புக் குண்டு நம்பிக்கையாக மலரும். .223இல் அந்த வேகம் 300 கெஜம் சொச்சத்தோடு முடிந்துவிடும். ஆகவே கிட்டப் போய்ச் சுடவேண்டும். இதை அவர்கள் குறையாகச் சொல்கிறார்கள். நான் இதையே அந்தக் குண்டின் நல்ல குணம் என்கிறேன்.

கயோட்டிதானே, எப்படிச் செத்தால் என்ன என்பார்கள். அந்த நாட்டு அரசாங்கமே வருஷா வருஷம் பல பத்தாயிரம் கயோட்டிகளைக் கொல்கிறது. அது பரவியபடிதான் இருக்கிறது, பனாமா வரைக்கும் போய்விட்டது. கொல்வதால் அது ஒழியப்போவதில்லை. குட்டி போடும் காலத்தில் பட்டிக்குப் பக்கம் வருவதைத் தடுக்கலாம், அவ்வளவுதான். அப்படியிருக்க, அதை ஒன்பது நாள் அழுகவைப்பதில் யாருக்கு என்ன லாபம்?

என் கட்டளை, கேட்பவர்களுக்கு:

முழு உறைக் குண்டு காகிதத்துக்கு மட்டும்.

உயிருக்கு ஈயம் இல்லாத, விரியும் குண்டு. ஒரே வகையில் இரண்டு மூன்று வாங்கிப் பார்த்து, உங்கள் துப்பாக்கிக்கு எது பிடிக்கிறதோ அதையே, ஒரே லாட் எண்ணாகப் பார்த்து, சீசனுக்குப் போதுமான அளவு வாங்குங்கள். ஒவ்வொரு குழலுக்கும் ஒரு ருசி உண்டு. இதை ஆயிரம் துப்பாக்கி பார்த்தவன் சொல்கிறேன்.

எந்தக் குளிரில் சுடப்போகிறீர்களோ அந்தக் குளிரில் குறியைச் சரிபாருங்கள்.

உங்கள் தூரம் எது என்பதைப் பெட்டி சொல்லக்கூடாது. காற்றடிக்கும் நாளில், பனியில் படுத்து, முதல் குண்டையே சாஸருக்குள் பத்துக்கு ஒன்பது தடவை போட முடிகிற தூரம் எதுவோ, அதுதான் உங்கள் தூரம். பெரும்பாலானவர்களுக்கு அது 250 கெஜத்துக்குள் முடிந்துவிடும். அதற்கு மேல் என்றால், போகட்டும் விடுங்கள்.

ஈயத்தால்தான் சுட்டீர்கள் என்றால் உடலை அங்கே விடாதீர்கள். எடுத்துக்கொண்டு வந்து பறவை தொடாத இடத்தில் சேருங்கள்.

ஏப்ரலில் நாங்கள் கிளம்புவதற்கு நாலு நாள் முன்னால், மாப்பிள்ளை என்னைக் கூப்பிட்டார். அந்த அம்மாளின் பண்ணையில் முதல் குட்டிகள் விழுந்திருந்தன. விடியற்காலை ஐந்து மணி. கொட்டிலுக்கு எதிர் மேட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். ஒரு கயோட்டி வந்தது, 400 கெஜத்தில் நின்று பார்த்தது. மாப்பிள்ளை அசையவில்லை. அது ஓடையை ஒட்டிக் கீழே இறங்கி வந்தது. 180 கெஜம். ஒரே வெடி. செம்புக் குண்டு. நின்ற இடத்திலேயே விழுந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. ஆறு மாதத்தில் நான் வாயை மூடிக்கொண்ட ஒரே தருணம் அதுவாகத்தான் இருக்கும்.

அவர் கராஜ் அலமாரியில் அந்தச் சிவப்பு மூக்குப் பெட்டி இன்னும் மூன்று இருக்கிறது. "காசு குடுத்து வாங்கினது மாமா, தூக்கிப் போட மனசு வரல" என்றார். தூக்கிப் போடச் சொல்லவில்லையே, காகிதத்தின் மேல் சுட்டுத் தீர்த்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். வாராவாரம் போனில் கேட்கிறேன். போன வாரம் வரை இரண்டரைப் பெட்டி பாக்கி.

காட்பாடி நண்பருக்கு இதுதான் என் பதில்.